கீல் வைத்த துப்பாக்கியின் குறி

(கோவையில் பட்டறைத் தொழில் சார்ந்த அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மெரினாவில் பலூன் சுடும் துப்பாக்கியைப் பார்க்காதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். கடைக்காரர் குழலைப் பிடித்து ஒரு மடக்கு மடக்குவார். சின்ன ஈயக் குண்டு ஒன்றைப் பின்வாயில் திணிப்பார். டக்கென்று நிமிர்த்தி நம் கையில் கொடுப்பார். நாம் சிவப்பு பலூனுக்குக் குறி வைப்போம். பக்கத்தில் இருக்கிற மஞ்சள் பலூன் வெடிக்கும். "கை ஆடுது சார்" என்பார் கடைக்காரர். அவர் வேறு என்ன சொல்வார்?

இன்று நான் பேச வந்தது அந்தக் காற்றுத் துப்பாக்கியைப் பற்றி அல்ல. அதே மாதிரி நடுவில் மடிந்து, தடவைக்கு ஒரே தோட்டா ஏற்றுகிற, மருந்து எரிந்து சுடுகிற ரைஃபிளைப் பற்றி. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைத் தொட முடியாது; 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்கும் தடை. அதனால் இதை நீங்கள் வாங்கிப் பயன்படுத்தச் சொல்லி நான் வரவில்லை. ஃபிட்டர்களும் டர்னர்களும் டூல்ரூம்காரர்களும் நிறைந்த கூட்டம் இது. ஓர் இயந்திரம் எங்கே பிசகுகிறது, அந்தப் பிசகைக் கண்டுபிடிக்க எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு இந்த எளிய துப்பாக்கி நல்ல பாடம். நான் சில வருடம் வேலை பார்த்த மாசசூசெட்ஸ் மாநிலம் இதன் தாய்வீடு மாதிரி. அதனால் பேச்சை அங்கிருந்தே எடுக்கிறேன்.

அந்த மாநிலத்தின் வூஸ்டர் நகரத்தில் 1871இல் கால்கொண்டது ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனம். பழைய நிறுவனம் 1986இல் மூடப்பட்டது. 1991இல் அதே பெயரை முன்னிறுத்தி, பக்கத்தில் உள்ள கார்ட்னர் என்ற ஊரில் புதிதாகத் தொடங்கினார்கள். 'ஹேண்டி ரைஃபிள்' என்று அவர்கள் விற்ற மடிப்பு ரைஃபிள் அமெரிக்காவில் ஏழை வீட்டுத் துப்பாக்கி. விவசாயி, புதிதாகச் சுடப் பழகும் பையன், லாரியில் ஒன்றைப் போட்டு வைக்க நினைப்பவர் — இவர்கள்தான் வாங்குவார்கள். நிறுவனம் பிறகு மார்லின் கைக்குப் போய், அங்கிருந்து ரெமிங்டன் கைக்குப் போனது. 2015இல் உற்பத்தியே நின்றுவிட்டது.

அதன் அமைப்பு எளிது. உடலாக ஓர் உலோகச் சட்டம். சட்டத்தின் முன்முனையில் குறுக்கே ஒரு கீல் ஆணி. குழலின் அடியில் உள்ள கொக்கி அந்த ஆணியில் மாட்டி நிற்கும். பின்பக்கம், சட்டத்துக்குள்ளிருந்து வில்லின் விசையில் ஒரு தாழ் முன்னே வந்து, குழலின் அடிப்புடைப்பில் உள்ள விளிம்பின் மேலே ஆப்பு மாதிரி நுழைந்து பிடித்துக்கொள்ளும். குழலுக்கு அடியில் கையால் பிடிக்க ஒரு முன்கட்டை. அதைக் குழலோடு சேர்ப்பது ஒரே ஒரு திருகு. பின்னால் ஒரு சுத்தி, ஒரு விசை, தோள்கட்டை. அவ்வளவுதான். ஆப்பு என்பதால் தாழுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பிடிக்கும். தேய்மானத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். மலிவான சாமானில் இவ்வளவு யோசனை வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

ஒரே தோட்டா ஏற்றும் துப்பாக்கி என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்ட் தீவின் கிரீட்மூர் மைதானத்தில் 1874 செப்டம்பர் 26ஆம் தேதி அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு போட்டி நடந்தது. தூரம் 800, 900, 1000 கஜம். அயர்லாந்துக்காரர்கள் வாய்வழியே மருந்து இடித்து நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகளோடு வந்தார்கள். அமெரிக்கர்கள் பின்வாயில் தோட்டா போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளோடு நின்றார்கள். இவை மடிபவை அல்ல. ஆனால் இவையும் ஒற்றைத் தோட்டா ஏற்றுபவைதான். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் சுட்ட குண்டு நடுப்புள்ளியில்தான் விழுந்தது. ஆனால் அது பக்கத்துப் பலகையின் நடுப்புள்ளி! நடுப்புள்ளிக்கு அன்று நான்கு மதிப்பெண். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். துப்பாக்கியில் எந்தக் குறையும் இல்லாதபோதும் போட்டி கைநழுவும் என்பதற்கு அந்த ஒரு குண்டு போதும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குறி தவறும் ரைஃபிளைக் கையில் வைத்திருப்பவர் முதலில் பழி போடுவது குழலின் மேல். புதுக் குழல், கனமான குழல், விலை உயர்ந்த ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) என்று பணம் அந்த வழியே ஓடும். நான் பார்த்தவரை, மடிப்பு ரைஃபிளில் குழல் கடைசிக் குற்றவாளி. குற்றம் பெரும்பாலும் இணைப்புகளில் இருக்கும். இந்த ஆயுதம் ஒவ்வொரு குண்டுக்கும் தன்னைத்தானே பிரித்து மறுபடி சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை சேரும்போதும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் சேர்ந்தால் குண்டு அதே துளையைத் தேடிப் போகும். சேரவில்லை என்றால் உலகத்திலேயே சிறந்த குழலை மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

எவ்வளவு நுட்பமாகச் சேர வேண்டும்? துப்பாக்கிக்காரர்கள் கோணக் கணக்கில் பேசுவார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு நிமிடம். நூறு மீட்டரில் அது 29 மில்லிமீட்டர் அகலம். குழலின் நீளம் 22 அங்குலம், ஏறக்குறைய 560 மி.மீ. என்றால், பின்முனை அசையாமல் நுனி மட்டும் 0.16 மி.மீ. நகர்ந்தால் ஒரு நிமிடக் கோணம் கெட்டுவிடும். நாம் ஜெராக்ஸ் எடுக்கிற தாள் 0.1 மி.மீ. கனம். ஒன்றரைத் தாள் கனம் நுனி தள்ளிப் போனால் நூறு மீட்டரில் குண்டு ஓர் அங்குலத்துக்கு மேல் தள்ளி விழுகிறது.

இங்கே எஞ்சினியர்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. ஹேண்டி ரைஃபிளில் ஸ்கோப் குழலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் கீல் தளர்ந்து குழல் சட்டத்தின் மேல் கொஞ்சம் ஆடினால்தான் என்ன? ஸ்கோப்பும் சேர்ந்துதானே ஆடும்? குறிக்கும் குழலுக்கும் உள்ள கோணம் மாறாதே?

கேள்வி நியாயமானது. வேறு வகைத் துப்பாக்கியில் நிலைமையே வேறு. மெரினா துப்பாக்கி ரகத்தில் ஸ்கோப் மாட்டினால் அது பின்னால் இருக்கும் காற்று உருளையின் மேல்தான் உட்காரும். குழல் தனியே மடியும். அங்கே கீல் ஒரு நூலளவு தளர்ந்தாலும் குறி நேரடியாகக் கெடும். மாறாக, 1967இல் வந்த தாம்ப்சன் சென்டர் கன்டெண்டர் என்ற மடிப்புத் துப்பாக்கி, ஜெர்மனியில் மலைவேட்டைக்காரர்கள் சுமக்கிற பிளேசர் மடிப்பு ரைஃபிள் இரண்டிலும் ஸ்கோப் குழலின் மேல்தான். கன்டெண்டரில் ஒரே சட்டத்துக்குப் பல குழல்களை வீட்டிலேயே மாற்றி மாட்டலாம். ஒவ்வொரு குழலும் தன் ஸ்கோப்பைத் தன்னோடு சுமந்துகொண்டு வரும். கழற்றி மாட்டினாலும் குறி அவ்வளவாகக் கெடுவதில்லை.

ஆனால் தளர்வு வேறு வழியில் பழி வாங்கும். சுத்தி விழுந்த பிறகு மருந்து பற்றி, குண்டு குழலைக் கடந்து வெளியேற ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு ஆகும். அந்த ஒரு மில்லிசெகண்டில் துப்பாக்கி சும்மா நிற்பதில்லை. .223 ரெமிங்டன் தோட்டாவுக்கு அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. பித்தளைக் கூட்டின் அடிப்பரப்போடு பெருக்கினால் சட்டத்தின் பின்சுவரை இரண்டு டன்னுக்கு மேல் ஒரு விசை தள்ளுகிறது. கூடு விரிந்து அறையின் சுவரைக் கவ்வுவதால் அதில் ஒரு பங்கு குறையும். குறைந்த மிச்சமும் லேசுப்பட்டதல்ல. .45-70 என்ற பழைய பெருந்தோட்டாவில் அழுத்தம் பாதிதான், 28,000. ஆனால் அதன் அடி அகலம். தள்ளும் விசை கிட்டத்தட்ட அதே கணக்குக்கு வந்துவிடுகிறது. அழுத்தம் குறைவு என்று பழைய ஷாட்கன் சட்டத்தில் ரைஃபிள் குழலை மாட்ட நினைப்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை ரைஃபிள் குழல்களுக்கென்று வலுவான தனிச் சட்டம் செய்ததும், கூடுதல் குழல் வேண்டுமென்றால் சட்டத்தை அனுப்பி வை, நாங்களே பொருத்தித் தருகிறோம் என்று சொன்னதும் சும்மா இல்லை.

அந்த விசை குழலின் அச்சில் ஓடுகிறது. குழலைச் சட்டத்தோடு கட்டிவைக்கிற கீல் ஆணியோ அச்சுக்குக் கீழே இருக்கிறது. போல்ட் வைத்த ரைஃபிளில் பூட்டும் புடைப்புகள் அச்சைச் சுற்றிச் சமமாக நிற்கும். இங்கே அப்படி இல்லை. இழுப்பு ஒரு கோட்டில், பிடிப்பு இன்னொரு கோட்டில். அதனால் சட்டம் நெளியப் பார்க்கும், தாழ் இறுகும், குழல் துள்ளி அதிரும். குண்டு வெளியேறும் கணத்தில் நுனி எந்தப் பக்கம் துள்ளிக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம் குண்டு போகும். துள்ளுவதைத் தடுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி துள்ள வைக்கலாம். நம்மால் ஆவது அவ்வளவே. துள்ளல் ஒரே மாதிரி இருக்க வேண்டுமானால் தொடங்கும்போது எல்லாத் தொடுமுகங்களும் ஒரே மாதிரி தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். தோட்டா இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, தாழும் குழலின் அடிப்புடைப்பும் சேரும் முகத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நம் ஃபிட்டர்கள் சர்ஃபேஸ் பிளேட்டில் தடவுகிற அதே புளூவை மெல்லிசாகத் தடவி, மூடித் திறந்து பாருங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே புளூ விலகி உலோகம் பளிச்சென்று தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் ஒரு பழைய மடிப்பு ரைஃபிள் இருந்தது. புளூ தடவிப் பார்த்தபோது தாழின் அகலம் முழுவதும் தொடவில்லை. இடது மூலையில் அரிசி மணி அளவுக்கு ஒரு பளபளப்பு, அவ்வளவுதான். மறுபடி தடவி மூடினோம். இப்போது பளபளப்பு அந்த இடத்தில் இல்லை. கொஞ்சம் நடுவுக்கு நகர்ந்திருந்தது. தாழ் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் உட்கார்கிறது. அந்த ரைஃபிளின் குறி ஏன் ஊர்மேய்கிறது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

காரணமும் அங்கேயே இருந்தது. அவர் சுத்தமான மனிதர்; எந்த இரும்பைப் பார்த்தாலும் எண்ணெய் போடுவார். தாழின் ஆப்பு முகத்துக்கும் தாராளமாக கிரீஸ் தடவியிருந்தார். ஆப்பு பிடிப்பது உராய்வால். உராய்வைக் கிரீஸ் தின்றுவிட்டால் ஆப்பு ஒரு தடவை ஆழமாகப் போகும், ஒரு தடவை மேலோட்டமாக நிற்கும். மோசமான நாளில் சுட்டவுடன் குழலே படக்கென்று திறந்துகொள்ளும். இந்த வகைத் துப்பாக்கியில் எண்ணெய் கேட்கிற இடம் கீல் ஆணி. ஒரு சொட்டு கிரீஸ் அங்கே போட்டால் தேய்மானம் குறையும். தாழின் முகம் உலர்ந்து இருக்க வேண்டும். துடைத்து உலர்த்தி, புடைப்பில் இருந்த ஒரு சின்னப் பிசிரை எண்ணெய்க்கல்லால் தொட்டு எடுத்த பிறகு, புளூ அகலம் முழுக்க ஒரே பட்டையாக விலகியது. அந்த முகத்தில் அரம் போடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆப்பின் கோணத்தைக் கெடுத்துவிட்டால் பிறகு பூட்டே நம்ப முடியாததாகிவிடும். அது துப்பாக்கி மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது முன்கட்டை. என்னைக் கேட்டால் மடிப்பு ரைஃபிளின் குறியில் பாதி வியாதி இந்த ஒரு மரத்துண்டில்தான் இருக்கிறது. ஒற்றைத் திருகு அதைக் குழலோடு இறுக்குகிறது. பின்முனை சட்டத்தில் முட்டுகிறது, மேல்விளிம்பு குழலின் பக்கங்களில் உரசுகிறது. திருகை எவ்வளவு இறுக்கினோம் என்பதைப் பொறுத்துக் குழல் ஒரு பக்கம் இழுபடும். மழைக்காலத்தில் மரம் ஊதும், வேறு பக்கம் இழுக்கும். சுடச் சுடக் குழல் சூடேறும். எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மி.மீ. நீளும். கீலிலிருந்து திருகு வரை 15 செ.மீ. என்று வைத்து, குழல் 50 டிகிரி சூடேறினால் 0.09 மி.மீ. நீளம் கூடும். மரமோ கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக, சூடு ஏற ஏற கட்டை குழலை வளைக்கிற விசையும் மாறிக்கொண்டே போகும். முதல் இரண்டு குண்டு ஒரே இடத்தில், மூன்றாவது சற்று மேலே, நான்காவது அதற்கும் மேலே என்று துளைகள் வரிசையாக ஏறினால் சந்தேகப்பட வேண்டியது முன்கட்டையைத்தான்.

இதற்கு அமெரிக்கக் கொட்டகைகளில் செய்கிற வைத்தியம் சில காசு பெறும் ஓர் ஓ-ரிங். திருகு ஏறும் புடைப்புக்கும் கட்டைக்கும் நடுவில் அந்த ரப்பர் வளையத்தைப் போட்டுவிட்டால் கட்டை குழலை விட்டு ஒரு மயிரிழை விலகி, ரப்பரின் மேல் மிதக்கும். பக்கங்களில் உரசும் மரத்தை எமரித் தாளால் கொஞ்சம் தேய்த்து, ஒரு தாள் தடையில்லாமல் போய்வரும்படி செய்வார்கள். சிலர் எபாக்சி ஊற்றி, கட்டை எங்கே தொட வேண்டுமோ அங்கே மட்டும் ஒட்டி உட்காரும் படுக்கை செய்வார்கள். எனக்கு ரப்பர் வளையம்தான் பிடிக்கும். சரிவரவில்லை என்றால் கழற்றிப் போட்டுவிடலாம். எந்த வழியில் போனாலும் திருகை ஒவ்வொரு முறையும் அதே அளவு இறுக்குவது முக்கியம். டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நண்பர் மணல் மூட்டையில் ரைஃபிளை வைக்கும் இடத்தையும் மாற்றச் சொன்னேன். முன்கட்டையின் நுனி மூட்டையில் அழுந்தினால் கட்டை குழலை மேலே தள்ளும். சட்டத்துக்குப் பக்கத்தில், கீலின் நேர் கீழே மூட்டையை வைத்தால் அந்தத் தொல்லை பாதி போய்விடும். மூடும்போதும் ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை படீரென்று அறையக்கூடாது. சுத்தியை முன்கூட்டியே இழுத்துவிட்டு நிதானமாகக் குறி பார்ப்பவர்கள் உண்டு. குறி பார்த்த பிறகு சுத்தியை இழுத்துக் கை நகர்ந்து போகிறவர்களும் உண்டு. வெளியே தெரிகிற சுத்தி வைத்த துப்பாக்கியில் சுத்தி விழவே சில மில்லிசெகண்டு பிடிக்கும். அந்த நேரம் முழுக்க கை அசையாமல் இருக்க வேண்டும். விசை கடினமாக இருந்தால் இது இன்னும் கஷ்டம். ஆனால் விசையை இலகுவாக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள் என்று அங்கேயும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். சுத்தி பிடிக்கும் பல்லில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அதிகம் தேய்த்துவிட்டால், துப்பாக்கி கீழே விழும்போது தானாக வெடிக்கும்.

தோட்டாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் பேச்சு முழுமையாகாது. இதற்கு நம் ஊர் மண்ணில் புதைந்து கிடக்கும் ஒருவரை அழைக்க வேண்டியிருக்கிறது. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1742இல் பீரங்கிக் கலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குண்டின் வேகத்தை ஊசல் வைத்து அளக்கும் முறையை விளக்கிய புத்தகம் அது. அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிட நீளமாக விளக்கம் எழுதிச் சேர்த்தவர் ஆய்லர்! உருண்டைக் குண்டுகள் ஏன் கண்டபடி வளைந்து போகின்றன என்று ராபின்ஸ் யோசித்தார். குழலுக்குள் குண்டு ஒரு பக்கச் சுவரில் உரசி உருள்கிறது. அந்தச் சுழற்சியால் காற்று அதை வளைக்கிறது என்றார். யாரும் நம்பவில்லை. ஒரு மஸ்கட் துப்பாக்கியின் நுனியை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்தார். சுடும் வழியில் மெல்லிய காகிதத் திரைகளை நட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் கிளம்பி, போகப் போக வலப்பக்கம் வளைந்து விழுந்ததைத் திரைகளின் துளைகள் காட்டின. குழலுக்குள் வரிப்புரி (சுருள் பள்ளம்) வெட்டினால் குண்டு நாம் விரும்பிய அச்சில் சுழலும், அந்த அலைச்சல் அடங்கும் என்பது அவர் வாதம். ராயல் சொசைட்டி அவருக்கு 1746இல் கோப்ளி பதக்கம் கொடுத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர் செய்ய அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750இல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் காய்ச்சலில் அங்கேயே இறந்தார், வயது 44. அவர் சீர் செய்ய வந்த கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் தரைமட்டமாக்கினார்கள். இன்று கடலூருக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ராபின்ஸ் விட்ட இடத்திலிருந்து மேலே போனவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டில் வாழ்ந்த ஃபிராங்க்ளின் மான் என்ற மருத்துவர். நோயாளிகளை விட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தோள், கை, கட்டை, கண் இவை எல்லாவற்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, வெறும் குழலை மட்டும் கான்கிரீட் தூணின் மேல் ஒரு வி-பள்ளத்தில் கிடத்திச் சுட்டார். 1909இல் எல்லாவற்றையும் புத்தகமாக வெளியிட்டார். அவ்வளவு கெட்டியாகப் பிடித்தும் துளைகள் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை! பிசகு குண்டிலேயே இருந்தது. குண்டின் மூக்கை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடிப்பக்கத்தைச் சாய்த்து வெட்டிச் சுட்டபோது குண்டு எங்கோ போனது. மூக்குதான் காற்றைக் கிழிக்கிறது என்று நாம் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிப்பக்கம். அது சாய்ந்திருந்தால் பின்னால் பீறிடும் வாயு ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். குழல் நுனியின் விளிம்பில் ஒரு வெட்டுக் காயம் இருந்தாலும் இதே கதிதான். துப்புரவுக் கம்பியை நுனியிலிருந்து விட்டு உரசுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

வரிப்புரியின் வேகமும் குண்டின் நீளமும் பொருந்த வேண்டும். 1879இல் கிரீன்ஹில் என்ற கணித ஆசிரியர் ஒரு சூத்திரம் தந்தார்: குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது கிடைக்கும். நீண்ட குண்டுக்கு வேகமான புரி தேவை. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள .223 குழலில் 55 கிரெய்ன் எடையுள்ள குண்டு ஒழுங்காகப் பறக்கும். 75 கிரெய்ன் நீளக் குண்டைப் போட்டால் அட்டையில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீட்டுத் துளை விழும். அப்படி ஒரு துளையைப் பார்த்துவிட்டுக் கீலைப் பழுது பார்க்கப் போனால் பணம் வீண். அதனால் கீலைத் தொடும் முன் நான் செய்யச் சொல்வது இரண்டு மூன்று ரகத் தோட்டாக்களை வாங்கிச் சுட்டுப் பார்ப்பது. அதைவிட மலிவான வைத்தியம் வேறு கிடையாது.

தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்பவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. போல்ட் ரைஃபிளில் சுட்ட கூட்டின் கழுத்தை மட்டும் சரிசெய்து மறுபடி பயன்படுத்துவது உண்டு. கூடு கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் போல்ட்டின் நெம்புவிசை அதை உள்ளே தள்ளிவிடும். மடிப்பு ரைஃபிளுக்கு அந்த நெம்புவிசை கிடையாது. நம் கை மூடும் பலம்தான். இறுக்கமான கூடு கடைசி அரை மில்லிமீட்டரில் தடுக்கும், தாழ் முழுக்க உள்ளே போகாது. அடுத்த கூடு தளர்வாக இருக்கும், தாழ் முழுக்கப் போகும். குண்டுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழும். பாதி இங்கே, பாதி அங்கே. துப்பாக்கியைப் பழித்துப் பிரயோஜனம் இல்லை. கூட்டின் முழு உடலையும் சரிசெய்து, ஒவ்வொன்றும் கையால் தள்ளும்போது ஒரே மாதிரி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு நிரப்பினால் இந்தப் பிரிவு மறையும்.

இனி, சுட்டதை எப்படி அளப்பது? இங்கேதான் எனக்குக் கோபம் வரும். மூன்று குண்டு சுட்டு, துளைகள் நெருங்கி விழுந்தால் அந்த அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் காட்டுவார்கள். விலகி விழுந்தால் 'காற்று' என்று கிழித்துப் போடுவார்கள். கணக்கு என்ன சொல்கிறது பாருங்கள். ஒரு ரைஃபிளின் மூன்று குண்டுக் கூட்டம் சராசரியாக 25 மி.மீ. அகலம் என்று வையுங்கள். அதே ரைஃபிள், அதே தோட்டா, ஐந்து குண்டு சுட்டால் சராசரி 32 மி.மீ. ஆகும். பத்து குண்டு சுட்டால் 40. துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, குண்டு கூடக் கூட ஓரத்தில் விழும் வாய்ப்பும் கூடுகிறது. அது மட்டுமல்ல. அந்த 25 என்ற சராசரிக்குள் ஒரு தடவை 15 வரும், ஒரு தடவை 35 வரும், இரண்டும் சாதாரணம். ஓ-ரிங் போடுவதற்கு முன் மூன்று குண்டு 33 மி.மீ., போட்ட பிறகு மூன்று குண்டு 17 மி.மீ. என்று ஒருவர் குதித்தால், அவர் கண்டது ஓ-ரிங்கின் பலனா, அதிர்ஷ்டமா என்று அந்த ஆறு துளையை வைத்துச் சொல்லவே முடியாது.

மெல்லிய குழல் சீக்கிரம் சூடேறும் என்பதால் பத்து குண்டையும் மடமடவென்று சுடவும் கூடாது. கை வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். எண்ணெய் போட்டுத் துடைத்த குழலின் முதல் குண்டு பெரும்பாலும் வேறு இடத்துக்குப் போகும். அதை அழுக்குக் குண்டு என்று தனியே வைத்துக்கொண்டு, கூட்டத்தில் சேர்க்காமல் விடுவது நியாயம். ஆனால் அதைச் சுடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், சுட்டுப் பார்த்துவிட்டு அல்ல.

நண்பருக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை, ஒரு சமயத்தில் ஒரு மாற்றம். முதலில் ஸ்கோப் தாங்கியின் திருகுகளைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, மறுபடி ஒரே அளவு இறுக்கினோம். தளர்ந்த ஸ்கோப்போடு மற்ற எதைச் செய்தாலும் தண்டம். பிறகு தோட்டா ரகம் மாற்றிப் பார்த்தோம். பிறகு தாழை உலர்த்தியது, பிறகு முன்கட்டை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பத்து பத்து குண்டாக, அட்டையில் தேதியும் தோட்டாவும் எழுதி. அவர் பொறுமை இழந்து ஒரே நாளில் எபாக்சி படுக்கையும் புது ஸ்கோப்பும் சேர்த்துப் போட ஆசைப்பட்டார். இரண்டில் எது உதவியது என்று பிறகு யாரிடம் போய்க் கேட்பீர்கள் என்றேன். பட்டறையில் பழகியவர், சிரித்துக்கொண்டே எடுத்து வைத்துவிட்டார்.

இவ்வளவும் செய்த பிறகும் பத்து குண்டுக் கூட்டம் அடங்கவில்லை என்றால் அப்போது குழலைச் சந்தேகிக்கலாம். அதிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது தோட்டா அறை. சுட்ட கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அறைச் சுவர் சொரசொரப்பாக இருந்தால் பித்தளையில் அதே கோடுகள் பதிந்திருக்கும். கூடு வெளியே வரவும் அடம் பிடிக்கும். கீல் ஆணியில் விளையாட்டு இருக்கிறதா என்று பார்க்க முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலை மூடிப் பிடித்து இடம் வலமாக ஆட்டினால் தெரிந்துவிடும். ஆணியைச் சற்றுப் பெரிய விட்டத்தில் மாற்றலாம். கொக்கிக்கும் ஆணிக்கும் நடுவில் மெல்லிய எஃகுத் தகடு வைத்து விளையாட்டை எடுப்பவர்களும் உண்டு. முன்பெல்லாம் சட்டத்தைத் தொழிற்சாலைக்கே அனுப்பிப் புதுக் குழல் பொருத்தி வாங்கலாம். 2015க்குப் பிறகு அந்த வழி அடைபட்டது. இப்போது கையில் ஒரு நல்ல மெக்கானிக்கும், அவரிடம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளக்கும் மைக்ரோமீட்டரும் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். உங்களில் பலருக்கு அது அன்றாட வேலை. அதனால்தான் இந்தத் தலைப்போடு இங்கே வந்தேன். கேள்விகள் இருந்தால் எழுதிக் கொடுங்கள், பதில் சொல்கிறேன்.